கொட்டகலையிலிருந்து கொழும்பு அலுவலகக் கணினிக்கு: இணைப்பு நின்றால் எங்கே தேடுவது

கொழும்பு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களை இன்று ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் சாதாரணமாகச் சந்திக்கலாம். 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு போடப்பட்ட காலத்தில் பலருக்கும் வந்த வழி இது. நிலைமை சீரானதும் பெரும்பாலானோர் மறுபடி கொழும்புப் போர்டிங்குகளுக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. ஒரு சரக்குக் கப்பல் முகவர் கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். இருப்பது கொட்டகலைக்குப் பக்கத்தில், தோட்டத்தை ஒட்டிய எங்கள் சொந்த வீட்டில்.

இணைப்பு என்பது என்னைப் போன்றவர்களுக்கு வசதி சம்பந்தப்பட்ட விடயம் அல்ல. அது நின்றால் வேலை நிற்கிறது. அடிக்கடி நின்றால், “நீங்கள் கொழும்புக்கே வந்துவிடுங்கள்” என்ற பேச்சு வருகிறது. வந்தால் சம்பளத்தில் பெரும்பகுதி அறை வாடகைக்கும் கடைச் சாப்பாட்டுக்கும் போகும். வயதான பெற்றோரை விட்டுவிட்டு வர வேண்டும். எங்கள் பகுதிப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், படித்த படிப்புக்கு ஏற்ற வேலையை ஊரிலிருந்தே செய்வதற்குக் கிடைத்திருக்கும் இந்த வழி ஒரு ரவுட்டர் அமைப்பால் அடைபட்டுப் போகக்கூடாது. அதற்காகவே நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

வீட்டுக் கணினியை இணையத்தின் வழியாக அலுவலக வலையமைப்போடு பாதுகாப்பாக இணைக்கும் தனி வழிதான் வி.பி.என். “வி.பி.என். வேலை செய்யவில்லை” என்று சொல்லித்தான் எல்லோரும் வருகிறார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குள் பத்து வெவ்வேறு கோளாறுகள் இருக்கலாம். என் வீட்டுக் கணினியிலிருந்து அலுவலக மேசையில் இருக்கும் கணினியின் திரை வரை ஒரு நீண்ட பாதை இருக்கிறது: கணினியிலிருந்து ரவுட்டர், ரவுட்டரிலிருந்து கைபேசிக் கோபுரம் அல்லது தொலைபேசிக் கம்பி, அங்கிருந்து இணையம், பிறகு அலுவலகத்தின் வி.பி.என். வாசல், அதற்குள்ளே அலுவலக வலையமைப்பு, அதில் என் கணினி, கடைசியாக அதன் கடவுச்சொல். எந்தத் துண்டு அறுந்திருக்கிறது என்று தெரியாமல் எதையும் மாற்றக்கூடாது. மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதுதான் பலர் செய்யும் முதல் காரியம். அதை நான் வன்மையாக மறுக்கிறேன். நன்றாக இருந்த அமைப்பும் அதில் அழிந்துபோகிறது. வி.பி.என். வாசலில் நம்மை அடையாளம் காட்டும் சான்றிதழ் கோப்பு தொலைந்து போனால் அதை மறுபடி வாங்கவே ஒரு நாள் போய்விடும்.

வீட்டுப் பக்கத்திலிருந்து வரிசையாகப் போக வேண்டும். முதலில் ரவுட்டரின் முகவரிக்கு ஒரு பிங், அதாவது ‘இருக்கிறாயா?’ என்று கேட்டுப் பதிலைப் பார்க்கும் கட்டளை. அது பதில் சொன்னால் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையே குறை இல்லை. அடுத்து 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கு ஒரு பிங். அது சொன்னால் இணையம் இருக்கிறது. பிறகு ஏதாவது ஒரு தளத்தை அதன் பெயரால் திறந்து பார்ப்பது. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், பெயரை எண் முகவரியாக மாற்றும் டி.என்.எஸ்.ஸில் கோளாறு. வி.பி.என். இணைந்த பிறகு அலுவலகக் கணினியின் உள் முகவரிக்கு ஒரு பிங். சில அலுவலகங்களில் பிங்கைத் தடுத்து வைத்திருப்பார்கள் என்பதால், அதற்குப் பதில் வராததை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. வின்டோஸின் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதற்கு அலுவலகக் கணினியின் முகவரியையும் கதவு எண்ணைப் போன்ற 3389 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்தால், அந்தக் கணினியின் திரையை வீட்டிலிருந்து பார்த்து இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டொப்பின் கதவு திறந்திருக்கிறதா என்பதை ட்ரூ அல்லது ஃபோல்ஸ் என்று சொல்லிவிடும். இவ்வளவையும் செய்ய ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகாது.

அந்த நீண்ட பாதையில் முதல் இரண்டு துண்டுகள்தான் மலைநாட்டில் அதிகம் சோதிக்கின்றன. எங்கள் வீடுகள் பலவற்றுக்குக் கருங்கல் சுவர், தகரக் கூரை. இரண்டுமே ரேடியோ அலைக்கு நல்லவை அல்ல. 4ஜி ரவுட்டரை அலமாரிக்கு மேல் வைத்துவிட்டு, கோடு மூன்று காட்டுகிறது, நான்கு காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் போனால் ஆர்.எஸ்.ஆர்.பி. என்றும் எஸ்.ஐ.என்.ஆர். என்றும் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது அலையின் பலம். அது எப்போதும் கழித்தல் எண்ணாகத்தான் வரும். -80 நன்று, -100 சமாளிக்கலாம், -110க்குக் கீழே போனால் சிரமம். இரண்டாவது, அந்த அலை இரைச்சலிலிருந்து எவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கிறது என்பது. 20க்கு மேல் இருந்தால் மிக நன்று. பூச்சியத்துக்குக் கீழே போனால் பலம் எவ்வளவு இருந்தாலும் வேலைக்கு உதவாது. நான் ரவுட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாக நின்று இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான் இடம் தெரிவு செய்தேன். கோபுரத்தைப் பார்த்த ஜன்னல் சிறந்தது என்று நினைத்திருந்தேன். உண்மையில் வேறொரு மலைச்சரிவைப் பார்த்திருக்கும் சமையலறை ஜன்னலில்தான் எண் உயர்ந்தது. அங்கிருந்து வேலை செய்யும் மேசைக்கு ஒரு நீளமான லேன் கேபிள் போட்டேன். வீட்டில் செய்த செலவுகளில் மிகவும் பயன் தந்தது அந்தக் கேபிள்தான். வைஃபை என்ற சந்தேகமே அதோடு கணக்கிலிருந்து போய்விட்டது.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை எங்கள் சரிவுகளைப் போட்டு அடிக்கும்போது, “மழையில் சிக்னல் கரைந்துவிடுகிறது” என்று பொதுவாகச் சொல்லுவோம். கைபேசி வலையமைப்புகள் இங்கே 4ஜிக்குப் பயன்படுத்தும், 3 கிகாஹேர்ட்ஸுக்குக் குறைந்த அலைகளை மழைத்துளி பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. நனைந்த இலைகளும் மரங்களும் ஓரளவு உறிஞ்சும். ஆனால் கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் இடையே நுண்ணலை இணைப்பு இருந்தால், அது பெரும்பாலும் 10 கிகாஹேர்ட்ஸைத் தாண்டிய அலைகளில் ஓடுகிறது. அதைக் கடும் மழை நன்றாகவே பலவீனப்படுத்தும். அதனால்தான் நம் கைபேசியில் கோடு முழுவதும் காட்டிக்கொண்டே இணையம் மட்டும் நகராமல் நிற்கும். அந்த நேரத்தில் ரவுட்டரை இடம் மாற்றிப் பயனில்லை. வேறொரு நிறுவனத்தின் சிம் ஒன்றைக் கைபேசியில் வைத்திருந்து, அதன் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறுவதுதான் வழி. இரண்டு நிறுவனமும் ஒரே கோபுரத்தில் ஏறியிருந்தாலும், பின்னால் போகும் இணைப்பு வேறாக இருக்க வாய்ப்புண்டு.

வேகச் சோதனைத் தளங்களை நம்பி ஏமாறாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். பதிவிறக்க வேகம் பெரிய எண்ணாக வந்ததும் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறோம். கணக்குப் புத்தகத்தையும் எக்செல் தாளையும் திரையில் காட்டுவதற்கு ரிமோட் டெஸ்க்டொப் மிகக் குறைந்த வேகத்தையே கேட்கிறது. அதற்குத் தேவை சீரான ஓட்டம். பிங் கட்டளையை நிறுத்தாமல் ஓடவிட்டு, பதில்களின் நேரம் மில்லிசெக்கனில் 40, 45, 42 என்று வருகிறதா, 40, 600, பதில் இல்லை, 90 என்று துள்ளுகிறதா என்று பாருங்கள். துள்ளினால் எவ்வளவு வேகம் இருந்தாலும் நீங்கள் தட்டும் எழுத்து நேரம் கழித்துத்தான் திரையில் வரும். தூரம் தரும் தாமதத்தையும் இதிலிருந்து பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் ஓடுகிறது. கொழும்பிலிருந்து லண்டனுக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். போய் வருவதற்கே 87 மில்லிசெக்கன் வேண்டும். கேபிள்கள் வளைந்து போவதால் நடைமுறையில் இன்னும் அதிகம். லண்டன் சேர்வரில் வேலை செய்பவருக்கு அந்த அளவு தாமதம் இயற்கை. அதைக் கோளாறு என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. கொழும்புச் சேர்வருக்கு 300 வந்தால் அது கோளாறு.

இனி, ஆட்களை அதிகம் அலைக்கழிக்கும் ஒரு கோளாறுக்கு வருகிறேன். தலவாக்கலையில் இருக்கும் என் சித்தி மகனுக்கு வந்தது இது. வி.பி.என். பச்சை நிறத்தில் ‘இணைந்தது’ என்று காட்டுகிறது. ஆனால் அலுவலகக் கணினி கிடைக்கவில்லை. அலுவலகத்தில் கேட்டால் எங்கள் பக்கம் எல்லாம் சரி என்கிறார்கள். தம்பி என்னை அழைத்தபோது நான் முதலில் கேட்டது, “கைபேசி ஹொட்ஸ்பொட்டில் போட்டுப் பார்த்தாயா?” என்பதுதான்.

“பார்த்தேன் அக்கா. அதில் வேலை செய்கிறது. வீட்டு ரவுட்டரில்தான் இல்லை.”

இந்த ஒரு பதில் பாதி வேலையை முடித்துவிட்டது. அவன் வீட்டு ரவுட்டர் கொடுக்கும் முகவரிகள் 192.168.1 என்று தொடங்குகின்றன. அலுவலக வலையமைப்பும் அதே 192.168.1தான். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் ஒரே தொடர் இருந்தால், 192.168.1.25 என்ற அலுவலகக் கணினியைக் கூப்பிடும்போது, அது இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று கணினி எண்ணிக்கொள்கிறது. கோரிக்கை வி.பி.என். பக்கம் போகவே இல்லை. வீட்டுக்குள் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறது. ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்ததற்குக் காரணம், கைபேசி வேறு தொடரைக் கொடுத்தது. ஐபோன் என்றால் 172.20.10 என்று தொடங்கும்.

தீர்வு மிக எளிது. வீட்டு ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் லேன் அமைப்புக்குள் போய், அதன் முகவரியை 192.168.77.1 போன்ற, யாரும் அதிகம் பயன்படுத்தாத ஒன்றாக மாற்ற வேண்டும். ரவுட்டர் மறுபடி தொடங்கும். வீட்டில் உள்ள கருவிகளை ஒருமுறை துண்டித்து இணைத்தால் போதும். முகவரியைக் கையால் பதிந்து வைத்திருக்கும் பிரின்டரோ கமராவோ இருந்தால் அதை மட்டும் தனியாக மாற்ற வேண்டும். அலுவலகத்தின் தொடரை மாற்றச் சொல்லிக் கேட்பது நடக்காத காரியம்; நூறு பேரின் கணினி அங்கே இருக்கிறது. கடைகளில் விற்கும் ரவுட்டர்களில் மிகப் பல 192.168.0 அல்லது 192.168.1 என்ற இரண்டில் ஒன்றோடுதான் வருகின்றன. ஆகவே வீட்டிலிருந்து வேலை தொடங்கும் எவரும், கோளாறு வரும்வரை காத்திராமல், முதல் நாளே இதை மாற்றி வைப்பது நல்லது.

ஹொட்ஸ்பொட் சோதனையை இங்கே அழுத்திச் சொல்கிறேன். அதே கணினி, அதே மென்பொருள், அதே கடவுச்சொல். இணையம் வரும் வழி மட்டும் வேறு. வேலை செய்தால் கோளாறு வீட்டு ரவுட்டரிலோ அந்த இணைய வழியிலோ இருக்கிறது. வேலை செய்யாவிட்டால் கணினியிலோ அலுவலகத்திலோ இருக்கிறது. எவ்வளவு பெரிய நிபுணரும் தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் துணிபு.

மற்றொன்று இதைவிடக் குழப்பமானது. வி.பி.என். இணைகிறது. பிங் பதில் வருகிறது. 3389 திறந்திருக்கிறது. கடவுச்சொல்லையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் திரை கறுப்பாக நிற்கிறது. அல்லது மேசை தெரிந்ததும் உறைந்துவிடுகிறது. சிறு கோப்பு வருகிறது, பெரிய கோப்பு பாதியில் நிற்கிறது. சின்னது போகும், பெரியது போகாது என்ற அடையாளத்தைக் கண்டால் எம்.டி.யு. என்ற, ஒரு பொட்டலத்தின் உச்ச அளவைச் சந்தேகிக்க வேண்டும். இணையத்தில் தரவு பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. ஒரு பொட்டலம் வழக்கமாக 1500 பைட் வரை இருக்கலாம். தொலைபேசிக் கம்பி வழியாக வரும் பி.பி.பி.ஓ.இ. இணைப்பில் 8 பைட் குறைந்து 1492. வி.பி.என். என்ன செய்கிறது என்றால், ஒரு கடித உறையை இன்னொரு உறைக்குள் போட்டு ஒட்டுகிறது. வெளியுறை பெரிதாகி, தபால்பெட்டியின் வாயில் நுழையாமல் போகிறது. இடையில் இருக்கும் கருவி, ‘பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கு’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். பல இடங்களில் அந்தச் செய்தியைப் பயர்வோல் தடுத்துவிடுகிறது. பொட்டலம் சத்தமில்லாமல் காணாமற்போகிறது.

இதைக் கண்டுபிடிக்க பிங் கட்டளையே போதும். வின்டோஸில் அதற்கு இரண்டு தெரிவுகள் இருக்கின்றன: பொட்டலத்தை உடைக்காதே என்பது ஒன்று, அதன் அளவு இவ்வளவு என்பது மற்றொன்று. அளவு 1472 கொடுத்தால், 28 பைட் தலைப்பும் சேர்ந்து 1500 ஆகும். முதலில் வி.பி.என். இல்லாமல் வெளி முகவரிக்கு அனுப்பிப் பார்த்து, பிறகு வி.பி.என்.ஐ இணைத்து அலுவலக முகவரி ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் பத்துப் பத்தாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எந்த அளவில் பதில் வரத் தொடங்குகிறதோ அதனோடு 28ஐக் கூட்டினால் வரும் எண்தான் அந்த வழி தாங்கும் எம்.டி.யு. அந்த எண்ணை, அல்லது அதைவிடச் சற்றுக் குறைந்த ஒன்றை, வி.பி.என். அடாப்டருக்குக் கொடுக்க வேண்டும். வயர்கார்ட் வகை வி.பி.என். என்றால் அதன் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. பொதுவாக அது 1420ஐ எடுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டு 4ஜி வழிக்கு நான் 1280 வைத்திருக்கிறேன். சற்றே வேகம் குறையும் என்பார்கள். கணக்கு வேலையில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கறுப்புத் திரை அதன் பிறகு வரவேயில்லை.

திரை உறைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தரவை அனுப்பும் முறைகளில் டி.சி.பி.யோடு யு.டி.பி. என்ற வழியையும் ரிமோட் டெஸ்க்டொப் பயன்படுத்தும். பதில் நேரம் துள்ளும் இணைப்பில் இந்த யு.டி.பி. வழி சிக்கிக்கொண்டு, படம் நகராமல் நிற்கும். துண்டித்து மறுபடி இணைத்தால் சரியாகும். வீட்டுக் கணினியில் வின்டோஸ் ப்ரோ பதிப்பு இருந்தால், அதன் கொள்கை அமைப்பில் ‘கிளையன்டில் யு.டி.பி.யை நிறுத்து’ என்ற தெரிவு இருக்கிறது. அதைப் போட்டால் டி.சி.பி. மட்டும் ஓடும். இதோடு ரிமோட் டெஸ்க்டொப் சாளரத்தின் அனுபவப் பகுதியில் பின்னணிப் படத்தையும் அசைவுகளையும் நிறுத்தி, காட்சிப் பகுதியில் நிற ஆழத்தை 16 பிட்டாகக் குறைத்தால் மெதுவான இணைப்பிலும் வேலை ஓடும்.

ஒரு மணி நேரம் பேசாமல் வைத்திருந்துவிட்டு வந்தால் இணைப்பு செத்துக் கிடக்கிறது என்ற முறைப்பாடு 4ஜியில் சாதாரணம். கைபேசி வலையமைப்புகள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. உங்கள் ரவுட்டருக்குக் கிடைத்திருக்கும் முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் நீங்களும் அந்தப் பங்கில் இருக்கிறீர்கள். பேச்சில்லாத இணைப்பைச் சிறிது நேரத்தில் அந்த வலையமைப்பு மறந்துவிடும். வயர்கார்டில் 25 செக்கனுக்கு ஒருமுறை ஒரு சிறு பொட்டலம் அனுப்பும் அமைப்பு இருக்கிறது. மற்றவற்றிலும் அதுபோல் ஒன்று இருக்கும். அதைப் போட வேண்டும். ஒரே வீட்டிலிருந்து இருவர் ஒரே அலுவலகத்துக்கு எல்2டிபி என்ற வி.பி.என். வகையில் இணையும்போது, இரண்டாமவர் வந்ததும் முதலாமவர் விழுவதும் இப்படியான முகவரிப் பங்கீட்டால்தான். அங்கே வேறு வகை வி.பி.என். கேட்பதைத் தவிர வழியில்லை. உங்கள் அலுவலகம் இன்னும் பி.பி.டி.பி. என்ற பழைய வி.பி.என். வகையை வைத்திருந்தால் அதையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அது பாதுகாப்பானது அல்ல. ஆப்பிள் 2016இலேயே தன் கருவிகளிலிருந்து அதை நீக்கிவிட்டது.

மின்வெட்டு செய்த வேலைகளுக்குத் தனி இடம் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோம். அந்த நாட்களில் நோர்வூட்டில் ஒரு தெரிந்த அண்ணனின் பழைய டெஸ்க்டொப் கணினியில் வி.பி.என். ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் சான்றிதழ் செல்லாது என்று மறுத்தது. அலுவலகத்தில் சான்றிதழைப் புதிதாகக் கொடுத்தும் அதே பதில். திரையின் மூலையில் இருந்த திகதியைப் பார்த்ததும் காரணம் விளங்கியது; அது பல ஆண்டுகள் பின்னால் இருந்தது. தாய்ப்பலகையில் சி.ஆர். 2032 என்ற வட்டமான சிறு பற்றரி இருக்கிறது. மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். பற்றரி தீர்ந்திருந்தாலும் சுவரில் மின்சாரம் இருக்கும்வரை கடிகாரம் ஓடும்; மின்சாரம் போனதும் திகதி பின்னுக்குப் போய்விடும். சான்றிதழுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கணினியின் திகதி அதற்கு வெளியே இருந்தால் நிராகரிக்கப்படும். அலுவலகக் கணக்குகளை ஒன்றாக நிர்வகிக்கும் டொமைனில் நுழைவதற்குக் கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகக்கூடாது என்ற கட்டுப்பாடும் வழக்கமாக இருக்கிறது. பற்றரியை மாற்றியதும் அண்ணனின் பிரச்சினை ஒழிந்தது. சந்தியில் கைக்கடிகாரம் திருத்தும் கடையிலும் அந்தப் பற்றரி கிடைக்கும்.

மின்வெட்டு அலுவலகப் பக்கத்திலும் வேலையைக் காட்டும். கொழும்பில் மின்சாரம் போய் வந்த பிறகு என் மேசைக் கணினி அணைந்தே கிடந்தால், இங்கிருந்து என்ன செய்தாலும் கிடைக்காது. கணினி எழும்பும்போது முதலில் ஓடும் பயோஸ் அமைப்பில், மின்சாரம் திரும்பியதும் தானாக எழும்பு என்ற தெரிவு பெரும்பாலான கணினிகளில் இருக்கிறது. அதைப் போட்டு வைக்கும்படியும், தூக்க நிலைக்குப் போவதை நிறுத்தும்படியும் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ரவுட்டருக்கு ஒரு சிறிய டி.சி. யு.பி.எஸ். வையுங்கள், பல ரவுட்டர்கள் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன, வாங்குமுன் அடாப்டரில் எழுதியிருப்பதைப் பாருங்கள். மடிக்கணினியின் பற்றரியோடு அது சேர்ந்தால் கோபுரத்தின் பற்றரி தாங்கும்வரை வேலை செய்யலாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி தொடங்கும்போது அந்த யு.பி.எஸ்.ஸைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். தொலைபேசிக் கம்பி இருந்தால் அதையும் கழற்ற வேண்டும். மேட்டு வீடுகளில் மின்னல் கம்பி வழியே வந்து ரவுட்டரையும் கணினியையும் சேர்த்துக் கொண்டுபோவதை எங்கள் பகுதியில் பார்க்காதவர் இல்லை.

எல்லாம் சரியாக இருந்து கடவுச்சொல்லில் நிற்பதும் உண்டு. வின்டோஸில் தினமும் நான்கு இலக்கப் பின் எண்ணால் நுழைந்து பழகியவர் ரிமோட் டெஸ்க்டொப்பிலும் அதையே அடிக்கிறார். அங்கே முழுக் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல் காலாவதியாகியிருந்தால் தொலைவிலிருந்து மாற்ற முடியாமல் மறுப்பு மட்டும் வருவதுண்டு. அலுவலகம்தான் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும். உங்கள் கைபேசிக்கு எஸ்.எம்.எஸ். வழியாக ஒருமுறைக் குறியீடு வருகிறது என்றால், தகரக் கூரைக்குக் கீழே அது தாமதமாக வந்து காலாவதியாகிவிடும். சிக்னல் இல்லாமலே 30 செக்கனுக்கு ஒருமுறை குறியீடு தரும் ஒதென்டிகேட்டர் செயலியைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக் கணினியில் வின்டோஸ் ஹோம் பதிப்பு இருந்தால் கவலை வேண்டாம். மற்றக் கணினியை அணுக அது போதும். அணுகப்படும் அலுவலகக் கணினியில்தான் ப்ரோ அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு இருக்க வேண்டும்.

நேற்றுவரை ஓடியது இன்று நின்றால், இடையில் என்ன மாறியது என்று பாருங்கள். 2022 ஜனவரி 11ஆம் திகதி வந்த வின்டோஸ் புதுப்பிப்பு உலகம் முழுவதும் பலருக்கு எல்2டிபி வி.பி.என்.ஐ நிறுத்தியது, மைக்ரோசொஃப்ட் 17ஆம் திகதி திருத்தம் வெளியிட்டது. அந்த இடைப்பட்ட நாட்களில் ரவுட்டரைக் குடைந்தவர்கள் பாவம், ஒன்றையும் கண்டிருக்க முடியாது.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். வி.பி.என். தொல்லையாக இருக்கிறது என்று அலுவலக ரவுட்டரில் 3389 போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்துவிடும் யோசனையை யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். திறந்த போர்ட்டைத் தேடும் நிரல்கள் இரவு பகலாக முகவரிகளைத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. 2019 மே மாதம் வெளியான புளூகீப் என்ற குறைபாடு, கடவுச்சொல்லே இல்லாமல் பழைய வின்டோஸ் கணினிகளுக்குள் நுழைய வழி கொடுத்தது, கைவிடப்பட்டிருந்த எக்ஸ்.பி.க்குக்கூட மைக்ரோசொஃப்ட் திருத்தம் கொடுக்கும் அளவுக்கு அது கடுமையானது. ஒரு கம்பனியின் கணக்குகள் பூட்டப்பட்டால் வேலை இழப்பது நம்மைப் போன்றவர்கள்தான்.

கடைசியாக, ஐ.டி. பிரிவுக்கு எழுதும் முறை. “இணைப்பு இல்லை, உடனே பாருங்கள்” என்று எழுதினால் அவர்கள் கேள்விகள் கேட்டே அரை நாள் போகும். நான் இப்படி எழுதுவேன்: “காலை 8.40. வீட்டு ரவுட்டரிலும் ஹொட்ஸ்பொட்டிலும் ஒரே பிழை. இணையம் சரி. வி.பி.என். பெயர் முகவரியாக மாறுகிறது. பிழை எண் 809. படம் இணைத்துள்ளேன்.” பிழை எண்ணை விடவே கூடாது. வின்டோஸில் 868 என்றால் சேர்வரின் பெயர் கிடைக்கவில்லை. 809 என்றால் சேர்வரிடமிருந்து பதிலே இல்லை, யு.டி.பி. 500, 4500 போர்ட்டுகளை யாரோ தடுத்திருக்கலாம்; 691 என்றால் சேர்வர் கிடைத்தது, பெயரையோ கடவுச்சொல்லையோ ஏற்கவில்லை. மூன்றும் மூன்று வெவ்வேறு ஆட்கள் பார்க்க வேண்டிய வேலைகள்.

நேரத்தையும் ஒரு கொப்பியில் குறித்து வருகிறேன். அதன் பயன் சென்ற வருடம் தெரிந்தது. திங்கட்கிழமை காலைகளில் மட்டும் வி.பி.என். என்னை மறுத்துக்கொண்டிருந்தது, பத்து மணிக்குப் பிறகு தானாகச் சரியாகிவிடும். பனிமூட்டம், கோபுரம், ரவுட்டர் என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். குறிப்புகளைத் திகதி வாரியாகத் தட்டச்சு செய்து அனுப்பினேன். வி.பி.என். வாசலில் ஒரே நேரத்தில் நுழையக்கூடியவர்களின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு போடப்பட்டிருந்தது. வாரத் தொடக்கத்தில் எல்லோரும் ஒன்றாக வருவதால் அது நிறைந்துவிடுகிறது என்று ஐ.டி. பிரிவினர் பதிவேட்டைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். வரம்பை உயர்த்தினார்கள். பதுளையிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் வேலை செய்யும் இரண்டு பேருக்கும் அதே தொல்லை இருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் தங்கள் ஊர் சிக்னலைக் குறை சொல்லிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்கள்.